ஊர்முட்டையை அவித்தால் கோது ஏன் ஒட்டிக்கொள்கிறது?

கோண்டாவிலில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். மகனின் பிறந்தநாளுக்கு ரோல்ஸ் செய்வதற்காக, மாமி வளவில் வளர்க்கிற கோழிகளின் முட்டை முப்பதை அவித்தாராம். கோது உரிக்கப் போனால், பாதிக்கு மேற்பட்டதில் வெண்கருவும் கோதோடு சேர்ந்து பிய்ந்து வந்து, மஞ்சட்கரு எட்டிப் பார்க்கிற அளவுக்குக் குழி விழுந்துவிட்டது. பிறகு ஒவ்வொரு தரமும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்திருக்கிறார்: ஒருநாள் உப்பு, ஒருநாள் வினாகிரி, ஒருநாள் அப்பச்சோடா. ஒன்றும் சரிவரவில்லை. சந்தியில் உள்ள கடையில் வாங்குகிற முட்டை மட்டும் சொன்னபடி கழன்று வருகிறதாம். "ஊர்முட்டையே அப்படியா, இல்லாவிட்டால் எனக்குத்தான் ஒரு முட்டைகூட அவிக்கத் தெரியாதா?" என்று முடித்திருக்கிறார். அடுத்த மாதம் வீட்டில் இன்னொரு விசேஷமாம். 40 முட்டை அவிக்க வேண்டுமாம்.

உங்களுக்கு அவிக்கத் தெரியும், தங்கச்சி. முட்டைதான் அளவுக்கு மிஞ்சிப் புதிது. கோது கழருமா ஒட்டுமா என்பதை முட்டையின் வயது பாதி தீர்மானிக்கிறது. மீதியில் பெரும்பங்கை, அது சூட்டைத் தொடுகிற முதல் ஒரு நிமிடம் தீர்மானிக்கிறது. நீங்கள் தண்ணீருக்குள் போட்ட சாமான்கள் எல்லாம் அந்த இரண்டுக்கும் பின்னால் வரிசையில் நிற்பவை. நான் பாடசாலையில் இரசாயனவியல் படிப்பித்து ஓய்வு பெற்றவள். இப்போது வீட்டில் இருந்தபடி ரோல்ஸ், பற்றிஸ் ஓடர் எடுக்கிறேன். முதன்முதல் எடுத்த பெரிய ஓடருக்கு 60 முட்டை அவித்து, அதில் 25 முட்டை அம்மை போட்டதுபோல் ஆகி, விடியப்புறம் நாலு மணிக்குக் கடைக்காரரைத் தட்டி எழுப்பிய ஆள். ஆகவே கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் கோதுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். கோது ஏறக்குறைய முழுவதும் கல்சியம் காபனேற்று. நமது குடாநாட்டின் கிணறுகளை வெட்டும்போது வருகிற சுண்ணாம்புக் கல்லும் அதேதான். கேற்றிலின் அடியில் வெள்ளையாகப் படிவதும் அதேதான். இந்தக் கோதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் 7,000 முதல் 17,000 வரை இருக்கும். கோதுக்கு உட்புறம் மெல்லிய சவ்வு இரண்டு. ஒன்று கோதோடு ஒட்டியது, மற்றது வெண்கருவைச் சுற்றியது. முட்டை இடப்படும்போது கோழியின் உடம்புச் சூட்டில், அதாவது 41 பாகை அளவில் இருக்கிறது. வெளியே வந்து ஆறும்போது உள்ளே இருப்பது சுருங்குகிறது. அந்த இடத்துக்குத் துளைகளால் காற்று நுழைந்து, மொத்தையான முனையில் இரண்டு சவ்வுக்கும் நடுவே ஒரு காற்றறை உண்டாகிறது. உரிக்கும்போது நமக்குக் கைகொடுக்கப்போவது அந்த அறைதான். அதற்குப் பிறகு வருவோம்.

இனி ஒட்டுகிற கதை. புதிதாக இட்ட முட்டையின் வெண்கருவில் காபனீரொட்சைட்டு நிறையக் கரைந்திருக்கும். அன்று இட்ட முட்டையை உடைத்து ஊற்றிப் பாருங்கள், வெண்கரு பால் கலந்த தண்ணீர்போல் கொஞ்சம் மங்கலாக இருக்கும். பலர் அதைப் பழுது என்று நினைத்து ஊற்றிவிடுகிறார்கள். பாவம், அது கரைந்த வாயுவின் வேலை. முட்டை புதிது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. அந்த நிலையில் வெண்கருவின் பீ.எச்., அதாவது அமிலமா காரமா என்று காட்டுகிற எண், 7.6 முதல் 7.9 வரை. காரம் கூடக்கூட எண்ணும் கூடும். நாள் போகப்போக வாயு துளைகள் வழியே வெளியேறுகிறது, வெண்கரு தெளிகிறது, காரத்தன்மை ஏறுகிறது. வெளியில் வைத்தால் இரண்டு மூன்று நாளிலேயே பீ.எச். 9ஐ எட்டும். வெண்கருப் புரதம் வெந்து இறுகும்போது எதோடு கை கோர்க்கும் என்பது இந்த எண்ணில் தங்கியிருக்கிறது. எண் குறைவாக இருந்தால் அது உட்சவ்வை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். நாம் சவ்வை இழுக்க வெண்கருவும் கூட வரும். 8.7, 8.8 தாண்டிவிட்டால் அந்தப் பிடி தளர்ந்துவிடும். கோதின் நிறம், கோழியின் சாதி, தீன் ஒன்றுக்கும் இதில் பெரிய பங்கில்லை. ஊர்க்கோழி முட்டை ஒட்டுவது, அது கோழிக்கூட்டில் இருந்து நேரே சட்டிக்கு வருவதால்தான்.

இதை நான் புத்தகத்தில் படிப்பித்திருந்தாலும், உண்மையில் விளங்கியது அம்மம்மாவின் குசினியில் நடந்ததை நினைத்துப் பார்த்தபோதுதான். நல்லூர்த் திருவிழா 25 நாள். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் மச்சம் இல்லை, முட்டையும் இல்லை. கோழிகள் விரதம் பிடிப்பதில்லையே. அவை தம்பாட்டில் இட்டுக்கொண்டே இருக்கும். அம்மம்மா பழையதை அயலுக்குக் கொடுத்துவிட்டு, கடைசிக் கிழமை இட்டதை ஒரு கடகத்தில் உமி போட்டு அதற்குள் வைத்திருப்பா. கொடி இறங்கி வீடு கழுவி முடித்த பிறகு முதல் கறி முட்டைக் குழம்பு. அந்தக் குழம்பில் மட்டும் முட்டைகள் பளிங்குபோல் இருக்கும். மற்ற நாட்களில் பள்ளமும் மேடும்தான். திருவிழா முடிந்த ராசி என்று அம்மம்மா சொல்லுவா. நானும் சின்ன வயதில் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

கடை முட்டை கழருவதற்கும் காரணம் அதே காத்திருப்புத்தான். நாட்டின் கோழிப் பண்ணைகளில் பெரும்பகுதி குருநாகல், புத்தளம் பக்கம். அங்கே சேர்த்து, அடுக்கி, லொறியில் ஏற்றி, யாழ்ப்பாணத்தில் மொத்தக் கடைக்கு வந்து, அங்கிருந்து உங்கள் சந்திக் கடைக்கு வந்து சேர நாட்கள் ஓடிவிடும். உங்களுக்குத் தெரியாமல் வேறு யாரோ உங்களுக்காக முட்டையைப் பழசாக்கித் தந்திருக்கிறார்கள்.

ஆக, ஊர்முட்டைக்கு முதல் வைத்தியம் பொறுமை. வெளியில் நிழலான, காற்றோட்டமான இடத்தில் மூன்று நாலு நாள். பிறிட்ஜில் என்றால் ஒரு கிழமை, பத்து நாள். பிறிட்ஜில் வாயு மெதுவாகத்தான் போகும், அதனால்தான் கூடுதல் நாள். இட்ட திகதியைப் பென்சிலால் கோதில் எழுதி வையுங்கள். இதைச் செய்யத் தொடங்கிய பிறகு என் தலையிடி பாதி குறைந்தது. ஒரு எச்சரிக்கை: வளவில் சேவலும் நின்றால் முட்டை கருக்கட்டியிருக்கும். நமது வெக்கைக்கு அதை வெளியில் நாட்கணக்காக வைத்தால், கோழி அடைகாக்காமலே உள்ளே கரு வளரத் தொடங்கிவிடலாம். சித்திரை, வைகாசி வெயிலில் வெளியில் வைக்கவே வேண்டாம், நேரே பிறிட்ஜ். கழுவியும் வைக்க வேண்டாம். கோதின் மேல் இயற்கையாகவே ஒரு மெல்லிய பூச்சு இருக்கிறது. கழுவினால் அது போய், துளைகள் திறந்து, கிருமி உள்ளே போக வழி உண்டாகும். எச்சம் ஒட்டியிருந்தால் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, அவிக்கப்போகிற நேரத்தில் கழுவினால் போதும்.

வயது தெரியாத முட்டைக்கு ஒரு வாளித் தண்ணீர் இருக்கிறது. படுத்துக்கொண்டு அடியில் கிடந்தால் புதிது: பொரியலுக்கு, சொதிக்கு வையுங்கள். அடியிலேயே ஒரு முனை எழும்பிச் சரிந்து நின்றால் அவிப்பதற்கு அருமையான வயது. நேரே எழும்பி நின்றால் உடைத்து மணந்து பார்த்துத்தான் பாவிக்க வேண்டும். மிதந்தால் வளவுக்குள் புதைத்துவிடுங்கள். காற்றறை வளர வளர முட்டை எழும்புகிறது, வேறு சூட்சுமம் இல்லை.

அன்றே இட்ட முட்டையை அன்றே அவித்துத்தான் ஆக வேண்டும் என்றால்? முடிந்தால் வேண்டாம் என்பேன். தேங்காய்ப்பால் சொதி கொதிக்கும்போது முட்டையை உடைத்து மெல்ல இறக்கினால், புது முட்டையின் வெண்கரு பரவாமல் மஞ்சட்கருவைக் கட்டிப்பிடித்து நிற்கும். பழைய முட்டையில் அந்த அழகு வராது. புதுசுக்கு உரியதைப் புதுசுக்குக் கொடுங்கள். அப்படியும் அவிக்கத்தான் வேண்டும் என்றால், கீழே சொல்லப்போகிற ஆவிமுறையில் அவியுங்கள். பத்தில் ஏழெட்டாவது தேறும்.

இப்போது அடுப்புக்கு வருவோம். பெரும்பாலான வீடுகளில் நடப்பது இதுதான்: சட்டிக்குள் முட்டையை அடுக்கி, பச்சைத் தண்ணீர் விட்டு, அடுப்பில் வைத்து மூடிவிடுவது. எனக்கும் அப்படித்தான் பழக்கினார்கள். வெடிக்காது என்பது அதற்கான காரணம். அதில் உண்மையும் உண்டு. ஆனால் தண்ணீர் மெல்ல மெல்லச் சூடேறும்போது வெண்கருவும் மெல்லத்தான் இறுகும். அதில் ஒரு புரதம் 60 பாகையைச் சற்றுத் தாண்டியவுடனேயே கெட்டியாகத் தொடங்கும். ஆகப் பெரிய பங்கான மற்றது 80 பாகைக்கு மேல்தான் முழுதாக இறுகும். இந்த இரண்டுக்கும் நடுவே ஆறுதலாகப் பத்து நிமிடம் ஓடினால், வெண்கருவுக்குச் சவ்வோடு ஒட்டி உறவாட நேரம் தாராளம். அதே முட்டையை நன்றாகக் கொதிக்கிற தண்ணீருக்குள் இறக்கினால், வெண்கருவின் வெளிப்புறம் சட்டென்று இறுகித் தன்னுக்குள் சுருங்குகிறது. சவ்வைப் பிடிக்க அதற்கு அவகாசம் இல்லை. தேங்காய்ச் சொட்டைச் சிரட்டையோடு வாட்டினால் தானாகக் கழருகிறதே, பார்ப்பதற்கு அதுபோல. புதுசு பழசு எதுவானாலும் இந்த ஒரு மாற்றமே பெரிய வித்தியாசம் காட்டும். உங்களிடம் வேறு எதையும் மாற்ற நேரமில்லை என்றால் இதை மட்டும் மாற்றுங்கள்.

நாலு முட்டைக்கு இது சரி. 40 முட்டைக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. அந்த 60 முட்டை ஓடரில் நான் விழுந்த குழியும் இதுதான். இரண்டு லீற்றர் தண்ணீர் தளதள என்று கொதிக்கிறது என்று வையுங்கள். அதற்குள் 30 பாகையில் இருக்கிற 20 முட்டையை, ஏறக்குறைய 1.1 கிலோ, ஒரே மூச்சில் இறக்கினால் கொதி அடங்கிவிடும். அடுப்பின் சூட்டை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால், இரண்டும் சேர்ந்து நிற்கிற இடம் 80 பாகைக்கும் சற்றுக் கீழே. அதாவது கொதிதண்ணீரில் போட்டோம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்க, முட்டைக்கு நடப்பது பச்சைத் தண்ணீர் முறையில் பாதி. ஒன்றோடொன்று முட்டி வெடிப்பது வேறு.

இதற்குத்தான் ஆவி. உங்கள் வீட்டில் இடியப்பம் அவிக்கிற பாத்திரம் இருக்கிறதல்லவா, அதே போதும். அடியில் மூன்று விரல் உயரத்துக்குத் தண்ணீர் விட்டு, மூடி, ஆவி நன்றாக எழும்பிய பிறகு தட்டில் முட்டையை ஒரே அடுக்காக வைத்து மூடுங்கள். நீத்துப்பெட்டியிலும் வைக்கலாம், ஆனால் ஐந்தாறுக்கு மேல் இடம் காணாது. ஆவி குளிர்ந்த கோதில் பட்டுத் தண்ணீராக மாறும்போது தன் சூட்டை அப்படியே அதில் இறக்கிவிடுகிறது. கோது நொடியில் சூடாகிறது. முட்டைகள் அசைவதில்லை, முட்டுவதில்லை, வெடிப்பதும் குறைவு. விறகும் காஸும் மிச்சம். கொத்து ரொட்டிக் கடைக்கும் புரியாணிப் பார்சலுக்கும் முட்டை அவிப்பவர்களுக்குக்கூட நான் இதைத்தான் சொல்லுவேன். அடுக்கடுக்காகத் தட்டு இருந்தால் மேல் தட்டுக்கு ஒரு நிமிடம் கூட்டிக் கொடுங்கள்.

நேரம்: கொதிதண்ணீரில் என்றால், வெளியில் இருந்த கடை முட்டைக்கு 11 நிமிடம், சின்ன ஊர்முட்டைக்கு 9. ஆவியில் இரண்டுக்கும் ஒரு நிமிடம் கூட்டுங்கள். பிறிட்ஜில் இருந்தது என்றால் அரை மணித்தியாலத்துக்கு முன்பே எடுத்து வெளியில் வையுங்கள், குளிர்ந்த கோது கொதிதண்ணீரைக் கண்டால் வெடிக்கும். பிள்ளைக்கு மஞ்சட்கரு களியாக வேண்டும் என்றால் ஆறரை, ஏழு நிமிடம். இதெல்லாம் கடல்மட்டத்தில் இருக்கிற நமக்கு. இங்கே தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். நுவரெலியாவில் இருக்கிற என் மகள் இதே நேரத்தை வைத்துவிட்டு, "அம்மா, உள்ளே ஈரமாக இருக்கிறது" என்று தொலைபேசியில் சண்டை பிடித்தாள். அந்த ஊர் 1,800 மீற்றருக்கும் மேலே. தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். அங்கே இரண்டு மூன்று நிமிடம் கூட்ட வேண்டும்.

நேரத்தைக் கூட்டிவிட்டால் கழரும் என்று நினைத்து அரை மணித்தியாலம் கொதிக்கவிடுபவர்களும் உண்டு. கழராது. வெண்கரு ரப்பர்போல் ஆகும், மஞ்சட்கருவைச் சுற்றி ஒரு பச்சைச் சாம்பல் வளையம் வரும். வெண்கருவில் உள்ள கந்தகம் ஐதரசன் சல்பைட்டு ஆகி, மஞ்சட்கருவில் உள்ள இரும்போடு சேர்வதால் வருகிற நிறம் அது. சாப்பிட்டால் ஒன்றும் செய்யாது. ஆனால் ரோல்ஸை வெட்டிப் பார்க்கிற விருந்தாளி முகம் சுளிப்பார்.

அடுத்தது குளிரவைப்பது. "உடனே குழாய்த் தண்ணீரில் போடுங்கள்" என்று எல்லோரும் எழுதுகிறார்கள். குளிர் நாட்டில் இருந்து எழுதுகிறவர்களுக்கு அது சரி. யாழ்ப்பாணத்தில் பகல் இரண்டு மணிக்குக் கூரைமேல் தாங்கியில் இருந்து வருகிற தண்ணீரில் தேத்தண்ணீரே போடலாம்போல் இருக்கும். சுடு முட்டையைச் சுடுதண்ணீரில் போட்டு என்ன பயன்? கிணற்றில் அப்போது அள்ளிய தண்ணீர் நல்லது. மண்பானைத் தண்ணீர் அதைவிட நல்லது. பானையின் உடம்பால் கசிந்து ஆவியாவதால் உள்ளே இருப்பது குளிர்ந்து நிற்கும். மின்சாரம் இல்லாத அந்த நீண்ட வருடங்களில் நாங்கள் எல்லாம் ஐஸைக் கண்டோமா? பானைத் தண்ணீர்தான்.

ஆனால் அளவு முக்கியம். 40 முட்டை என்றால் இரண்டு கிலோவுக்கு மேல், எல்லாம் 100 பாகையை ஒட்டிய சூட்டில். 10 லீற்றர் தண்ணீரில் போட்டால் அந்தத் தண்ணீரே பத்துப் பாகைக்கு மேல் சூடேறிவிடும். ஐந்து நிமிடத்தில் கை வைத்துப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருக்கும். ஆகவே இரண்டு தரம் தண்ணீர் மாற்ற வேண்டும், அல்லது ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ ஐஸ் போட வேண்டும். குறைந்தது 15 நிமிடம் கிடக்கட்டும். திடீர்க் குளிரில் உள்ளே இருப்பது சுருங்கிச் சவ்வில் இருந்து இன்னும் கொஞ்சம் விலகும், வேகுவது நிற்கும், பச்சை வளையமும் வராது. ஒரு விஷயம்: ஆறும்போது முட்டை துளைகளாலும் வெடிப்புகளாலும் வெளித் தண்ணீரை உறிஞ்சும். அதனால் அந்தத் தண்ணீர் குடிக்கக்கூடிய தண்ணீராக இருக்க வேண்டும். சட்டி பானை கழுவுகிற வாளிக்குள் போட வேண்டாம்.

உரிப்பது. முட்டையைப் பலகையில் மொத்தையான முனையால் ஒரு தட்டு. அங்கேதான் காற்றறை, கோதுக்கும் வெண்கருவுக்கும் நடுவே ஏற்கெனவே இடைவெளி இருக்கிற ஒரே இடம். பிறகு உள்ளங்கையால் மெதுவாக உருட்டிச் சுற்றிவர நொறுக்குங்கள். நொறுங்கிய முட்டையை ஒரு பேசின் தண்ணீருக்குள் இரண்டு நிமிடம் விட்டுவிட்டு, தண்ணீருக்குள் வைத்தே மொத்தை முனையில் இருந்து உரியுங்கள். விரல் கோதைத் தேடக்கூடாது, சவ்வைத் தேட வேண்டும். சவ்வு பிடிபட்டால் கோது அதோடு பட்டியாக வரும். தண்ணீர் இடையில் புகுந்து வழுக்கிக் கொடுக்கும். கோதை மட்டும் துண்டு துண்டாகக் கிள்ளுகிறவர்கள்தான் வெண்கருவையும் சேர்த்துக் கிள்ளுகிறார்கள். சின்னப் பிள்ளைகளை உதவிக்கு இருத்தினால் நொறுக்குகிற வேலையைக் கொடுங்கள், சந்தோஷமாகச் செய்வார்கள். உரிக்கிற வேலையைக் கொடுக்காதீர்கள். போத்தலுக்குள் முட்டையும் கொஞ்சத் தண்ணீரும் விட்டுக் குலுக்குகிற வித்தையைப் பலர் காட்டுகிறார்கள். நல்ல வயதுள்ள முட்டைக்கு அது வேலை செய்யும், ஆனால் அதற்குக் குலுக்காமலே கழரும்.

சரி, நீங்கள் போட்ட சாமான்கள். உப்பு: கோது வெடித்து வெண்கரு கசிந்தால், உப்போ வினாகிரியோ இருக்கிற தண்ணீரில் அது உடனே கட்டியாகி ஓட்டையை அடைக்கும். அதுவே அவற்றின் பெரிய உபகாரம். வினாகிரி கோதின் சுண்ணாம்பைக் கரைக்கும் என்பது உண்மை. காடை முட்டைபோல் மெல்லிய கோதுக்குக் கொஞ்சம் உதவும். கோழி முட்டைக்குப் பத்து நிமிடத்தில் மேல் தோல் சொரசொரப்பாவதோடு சரி. தேசிக்காய்ப் புளியும் அவ்வாறே. அப்பச்சோடா போடச் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது, வெண்கருவைக் காரமாக்கலாம் என்ற எண்ணம். ஆனால் அவிகிற அந்தக் கொஞ்ச நேரத்தில் உள்ளே போய் மாற்றுவது சொற்பம், நாலு நாள் காத்திருப்பு செய்கிற வேலையைச் செய்யாது. போதாக்குறைக்குக் கூடிப்போனால் கந்தக மணமும் எழும்பும். ரோல்ஸுக்கு அது கூடவே கூடாது. மொத்தை முனையில் குண்டூசியால் குத்துவது அவித்த முட்டையின் அடி சப்பையாகாமல் உருண்டையாக வர உதவலாம். கோது கழருவதற்கு அதனால் ஒன்றும் இல்லை. தண்ணீருக்கு எண்ணெய் விடுவதற்கு எந்தக் காரணமும் எனக்குத் தோன்றவில்லை. நல்லெண்ணெய் விலைக்கு அது பாவம்.

பிரஷர் குக்கர் வைத்திருந்தால் அதுவும் ஆவிதான். தட்டுப் போட்டு அவித்தால் புது முட்டைகூட நன்றாகக் கழரும், ஆனால் நேரம் பிடிபடச் சில முட்டைகளைப் பலி கொடுக்க வேண்டும். மைக்ரோவேவில் கோதோடு முட்டையை வைக்கவே வேண்டாம், வெடிக்கும். அவித்து உரித்ததை அதில் சூடாக்குவதும் ஆபத்து. குழம்புக்காக எண்ணெயில் பொரிக்கிறபோதும் முதலில் முள்ளுக்கரண்டியால் இரண்டு மூன்று இடத்தில் குத்திவிட்டுப் போடுங்கள், இல்லாவிட்டால் தாச்சி எண்ணெய் முகத்துக்கு வரும்.

குழி விழுந்ததைக் கொட்டாதீர்கள். நாலாக வெட்டினால் ரோல்ஸுக்குள் யாருக்குத் தெரியும்? இன்னும் மோசமானதை மசித்து, வெங்காயம், பச்சைமிளகாய், மிளகுதூள், தேசிக்காய்ப் புளி சேர்த்துப் பாணுக்குள் வைத்தால் பிள்ளைகளின் பின்னேரச் சாப்பாடு முடிந்தது. முழுசாக, வழுவழுப்பாக வர வேண்டியது புரியாணிக்கு மேல் வைக்கிற முட்டையும், மிளகாய்த்தூள் போட்டுச் செய்கிற முட்டைக் குழம்பும்தான். ரோல்ஸுக்காக நீங்கள் இவ்வளவு மனம் நொந்திருக்க வேண்டியதே இல்லை என்றுகூடச் சொல்லலாம்.

இனி உங்கள் 40 முட்டை. விசேஷம் சனிக்கிழமை என்று வைத்துக்கொள்வோம். மாமியிடம் சொல்லி, அதற்கு முதல் கிழமை ஞாயிறு தொடங்கி வியாழன் வரை இட்டதை எல்லாம் திகதி எழுதிப் பிறிட்ஜில் சேருங்கள். அந்த வியாழனுக்குப் பிறகு இட்டதைத் தொடாதீர்கள், பொரியலுக்கு வையுங்கள். காணாதது எத்தனையோ அத்தனையைத் திங்கட்கிழமையே கடையில் வாங்கி அதே பிறிட்ஜில் வையுங்கள். சந்தைக்குப் போகிறீர்கள் என்றால் திருநெல்வேலியில் தட்டுக் கணக்கில் எடுக்கலாம். வெள்ளிக்கிழமை உங்கள் வீட்டில் சைவம் என்றால் அவிப்பது வியாழன் பின்னேரம், வெயில் தணிந்த பிறகு. ஐஸை முதல்நாளே கட்டவையுங்கள். 20, 20 ஆக இரண்டு தரம் ஆவியில் வையுங்கள், ஊர்முட்டையையும் கடை முட்டையையும் கலக்காமல். பருமன் வேறு, நேரமும் வேறு. குளிர்ந்ததும் துடைத்து, கோதோடேயே மூடிய பெட்டியில் போட்டுப் பிறிட்ஜில் வைத்துவிடுங்கள். கோதோடு ஒரு கிழமை வரை தாங்கும், ஆகவே சனி காலை வரை ஒரு பயமும் இல்லை. உரிப்பது சனி காலை. உரித்த பிறகு வெளியில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் கிடக்க விடக்கூடாது, வெக்கையான நாளில் ஒரு மணித்தியாலம்.

ஆனால் அதற்கு முன் இந்தக் கிழமையே ஆறு முட்டையில் பழகிப் பாருங்கள்: இன்று இட்டது இரண்டு, ஐந்து நாள் ஆனது இரண்டு, கடை முட்டை இரண்டு. எல்லாம் ஒரே ஆவியில், சின்னதை மட்டும் இரண்டு நிமிடம் முந்தி எடுத்து. மாமியையும் பக்கத்தில் இருத்தி உரிக்கச் சொல்லுங்கள். கழராமல் நிற்பது எதுவென்று அவ தன் கையாலேயே கண்டுவிட்டால், புது முட்டையை அன்றன்றே அவிக்கச் சொல்லி உங்களை இனி நெருக்க மாட்டா.